டிராக்டருக்கு ஆலோசனை கேட்பதற்கு முன் தகட்டைப் படியுங்கள்

டிராக்டர் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்குத் தொலைவிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "லிப்ட் தூக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்பது போல ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. லிப்ட் என்பது வண்டியின் பின்னால் மாட்டிய கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு. வண்டி கண்முன் நின்றால் அந்த ஒரு வரியே போதும். மீதியைக் கையால் தொட்டும் காதால் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்கும்போது, பதில் சொல்பவருக்கு உங்கள் சொற்களைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. விவரம் இல்லாத கேள்விக்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லத்தான் செய்வார். ஆனால் அவர் தமக்குப் பழக்கமான வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லும் பதில் அது. அதை நம்பி நல்ல பம்பைக் கழற்றியவர்களும் பொருந்தாத உதிரிபாகத்தை வாங்கி வைத்திருப்பவர்களும் எங்கள் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது போதாது. மாஸி பெர்குசன் 35 என்ற ஒரே பெயரில், தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் 4 சிலிண்டர் டீசல் இன்ஜினும் பிறகு பெர்கின்ஸ் நிறுவனத்தின் 3 சிலிண்டர் டீசல் இன்ஜினும் வந்தன. பெட்ரோலில் ஓடும் வகையும் உண்டு. "35-க்கு ஹெட் கேஸ்கட் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்வது? இன்னொரு பக்கம், ஒரு வண்டியில் இயல்பாக இருப்பது மற்றொன்றில் பழுதின் அறிகுறியாக இருக்கும். 1946 முதல் 1956 வரை வந்த பெர்குசன் டி.இ.20 வண்டியில் ஹைட்ராலிக் பம்பு பி.டி.ஓ. தண்டின் (இன்ஜினின் ஆற்றலை வெளிக் கருவிகளுக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) வழியாக இயங்குவதால், கிளட்சை முழுவதும் மிதித்தால் லிப்ட் தூக்குவது நின்றுவிடும். அந்த வண்டியின் அமைப்பே அதுதான், பழுது எதுவும் இல்லை. பம்பு இன்ஜினிலிருந்து நேரடியாக இயங்கும் வண்டியில் கிளட்சை மிதிக்கும்போது லிப்ட் நின்றால், அது கட்டாயம் ஆராய வேண்டிய சங்கதி.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது வண்டியின் தகட்டில் உள்ள விவரம். மாடல், தயாரிப்பு ஆண்டு, சேஸிஸ் எண், இன்ஜின் எண் ஆகியவை தகட்டிலும் இன்ஜின் பிளாக்கிலும் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணும் எண்ணெயும் படிந்த தகட்டைத் துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் நேராக நின்று ஒரு படம் எடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உதிரிபாகப் புத்தகங்களில் "இந்த எண் முதல் இந்தப் பாகம்" என்ற பிரிவு இருப்பதால், ஒரே ஆண்டில் வந்த இரண்டு வண்டிகளுக்குக்கூடப் பாகம் வேறுபடலாம். அதே சமயம், எல்லோரும் பார்க்கும் இடத்தில் முழு எண்ணையும் வெளியிடாதீர்கள். திருட்டு வண்டிக்கு இன்னொருவரின் எண்ணைப் பொறிக்கும் மோசடி நடப்பதால், எண்ணின் முன்பகுதியை மட்டும் காட்டி, கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிடுங்கள். முழு எண் தேவைப்பட்டால் நம்பிக்கையான ஒருவருக்குத் தனியாகச் சொல்லலாம். பதிவு எண்ணும் உரிமையாளர் புத்தகத்தின் படமும் ஆலோசனைக்கு எந்த வகையிலும் உதவாதவை.

அடுத்தது ஹெச்.பி., அதாவது குதிரைத்திறன். இன்ஜின் மூடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையே ஹெச்.பி. என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. விற்பனை அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் இன்ஜினின் ஆற்றல். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவதோ பி.டி.ஓ. வழியாக வெளியே வரும் ஆற்றல். அது வண்டியைப் பொறுத்து இன்ஜின் ஆற்றலில் ஏறக்குறைய 85 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் டிராக்டர் சோதனைச் சட்டத்தையே கொண்டுவந்ததற்குக் காரணம், விளம்பரத்தில் சொன்ன ஆற்றலை வயலில் காட்டாத வண்டிகள்தாம். அந்தச் சோதனைகளில் ஆற்றல் எந்த இடத்தில் அளக்கப்பட்டது என்பது தெளிவாகக் குறிக்கப்படும். உங்கள் கேள்வியிலும் அந்தத் தெளிவு இருக்கட்டும். "45 ஹெச்.பி. வண்டிக்கு எத்தனை அடி ரோட்டவேட்டர்?" என்று கேட்பவர், பி.டி.ஓ. ஆற்றல், பி.டி.ஓ.வின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றா 1000 சுற்றா, முதல் கியரில் வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும், மண் களியா மணற்பாங்கா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பொறுப்பான பதில் சொல்ல முடியும். லிப்டின் தூக்கும் திறனுக்கும் இது பொருந்தும். கருவியை மாட்டும் கீழ்க்கைகளின் நுனியில் அளந்த கிலோவும் அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்த கிலோவும் ஒன்றல்ல. பின்னால் போகப் போகத் திறன் குறையும். கருவியின் எடையில் பெரும்பகுதி பின்னால்தான் தொங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

என் அனுபவத்தில் அதிகம் விடுபட்டுப்போவது, வண்டியில் உரிமையாளர் செய்த மாற்றங்களைப் பற்றிய தகவல். டயரை எடுத்துக்கொள்வோம். 13.6-28 என்றால் அகலம் ஏறக்குறைய 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். நடுவில் கோடு இருந்தால் சாதாரண டயர், ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல் டயர். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சிறிதளவு வேகமாக இழுக்கும்படி முன் அச்சின் கியர் விகிதம் அமைக்கப்பட்டிருக்கும். 13.6-28 இருந்த இடத்தில் பின்பக்கம் மட்டும் 14.9-28 போட்டுவிட்டால், பின் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கூடி, அந்தக் கணக்கு குலைந்துவிடும். முன் சக்கரங்கள் இழுப்பதற்குப் பதிலாக இழுபடத் தொடங்கும். முன் டயரின் பட்டைகள் சீக்கிரம் தேயும். கெட்டியான சாலையில் முன் இயக்கத்தை விடுவிக்கும் நெம்புகோல் இறுகிக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு "முன் அச்சில் சத்தம் வருகிறது, பேரிங்கை மாற்றலாமா?" என்று மட்டும் கேள்வி வரும். டயர் மாற்றியதைச் சொல்லாதவரை, பதில் சொல்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பேரிங்கைத்தான் தேடிக்கொண்டிருப்பார். டயரில் நிரப்பிய தண்ணீர், முன்னால் மாட்டிய எடைக்கற்கள், மாற்றிய பம்பு, வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்ட இன்ஜின் என எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எண்ணெயும் அப்படித்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில், கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் பிரேக்குக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான் சுற்றும். அதற்கென்று உள்ள எண்ணெயை விட்டுவிட்டு வேறு எதையாவது ஊற்றினால் பிரேக் அதிர்ந்து கத்தும். கடைசியாக எப்போது, எந்தத் தர எண் கொண்ட எண்ணெயை ஊற்றினீர்கள் என்று டப்பாவைப் பார்த்துச் சொல்வது நல்லது. ஹவர் மீட்டரின் மணிக்கணக்கையும் சொல்லுங்கள். இன்ஜின் சுழற்சியைக் கொண்டு கணக்கிடும் பழைய மீட்டர்கள் குறைந்த வேகத்தில் மெதுவாகவே ஏறும் என்பதால், மீட்டர் எந்த வகை என்பதும் தெரிந்தால் உதவும்.

கடைசியில்தான் அறிகுறி வருகிறது. அதில் "எப்போது" என்ற விவரமே முதன்மையானது. "வேலை தொடங்கும்போது 9 கொத்துக் கலப்பையை எளிதாகத் தூக்குகிறது, அரை மணி நேரத்துக்குப் பின் எண்ணெய் சூடானதும் பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது, இன்ஜின் வேகத்தைக் கூட்டினால் மறுபடியும் தூக்குகிறது, தூக்கிய நிலையில் இன்ஜினை நிறுத்தினால் கலப்பை இறங்குவதில்லை, வடிகட்டியையும் எண்ணெயையும் போன மாதம்தான் மாற்றினோம்" என்று ஒருவர் எழுதினால், வண்டியைப் பார்க்காமலேயே நான் பாதி வழி போய்விடுவேன். இறங்கவில்லை என்பதால் சிலிண்டர் சீல் மீதான சந்தேகம் குறைகிறது. சூட்டில் மட்டும் திறன் குறைந்து, வேகம் கூடினால் மீள்வதால், தேய்ந்த பம்பின் உள்கசிவு முன்னால் வந்து நிற்கிறது. அல்லது ஊற்றிய எண்ணெய் தேவைக்கு மேல் மெல்லியதாக இருக்கலாம். இதுவே குளிர்ந்த நிலையில் மெதுவாகவும் சூடான பின் வேகமாகவும் தூக்கினால், உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியை முதலில் பார்க்கச் சொல்வேன். மாடலும் எண்ணும் கையில் இருந்தால், அந்தப் பம்பு கொடுக்க வேண்டிய அழுத்தம் எவ்வளவு, அளவுமானியை எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்பதைப் பணிமனைக் கையேட்டிலிருந்து எடுத்துச் சொல்லிவிடலாம். பம்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை அந்த அளவைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.