எடை கூடியது வயசாலா, வேலையாலா?

"நாற்பத்தஞ்சு தாண்டிட்டா உடம்பு போடத்தானே செய்யும் டாக்டர்?" எடை பார்க்கும் மெஷினிலிருந்து இறங்கும்போதே பாதிப் பேர் இதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்து சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பேன் என்று அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "இப்போ என்ன வேலை? இதுக்கு முன்னாடி என்ன வேலை? எப்போ மாறினீங்க?" பேன்ட் இறுக ஆரம்பித்ததும் வேலை மாறியதும் பல பேருக்கு அடுத்தடுத்து நடந்திருக்கும். அவர்களே அதைக் கோத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வயதின் மேல் போடும் பழியில் பாதி அநியாயம். 2021-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த சுமார் 6,400 பேர் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார்கள் என்று அதில் அலசினார்கள். உடல் அளவில் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தால், 20 வயதுக்கும் 60 வயதுக்கும் நடுவில் அந்தச் செலவு ஏறக்குறைய மாறவேயில்லை. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. நாற்பத்தைந்தில் தொப்பை விழுந்ததற்கு 'மெட்டபாலிசம் ஸ்லோ ஆயிடுச்சு' என்பது அவ்வளவு நல்ல காரணம் இல்லை.

அப்படியானால் அந்த வயதில் என்னதான் மாறுகிறது? பலருக்குப் பதவி உயர்வு வருகிறது. லேத் முன்னால் நாள் முழுக்க நின்றவர் சூப்பர்வைசர் ஆகிறார். மேஜை, கம்ப்யூட்டர், மீட்டிங். "ஒரு வாய்கூட கூடுதலா சாப்பிடலை டாக்டர்" என்பார். உண்மைதான், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. உழைப்பு குறைந்த அளவுக்குப் பசி குறைவதில்லை. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரது குழுவும் மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு 1956-இல் வெளியானது. உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், மூட்டை தூக்கியவர்களுக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள்; எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். அமெரிக்காவில் 1960-இலிருந்து சுமார் ஐம்பது ஆண்டுகளில், வேலைக்காகச் செலவாகும் ஆற்றல் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கலோரிக்கு மேல் குறைந்துவிட்டதாக 2011-இல் ஒரு கணக்கீடு சொன்னது. 100 கலோரி சொற்பம்தான். ஆனால் அது தினமும் மிச்சமாகிறதே!

வேலைதான் எடையைக் கூட்டுகிறது என்று ஒரே போடாகப் போட்டுவிடவும் முடியாது. லண்டன் பேருந்துகளை வைத்து ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் செய்த ஆய்வு மருத்துவ உலகில் புகழ்பெற்றது. இரண்டடுக்குப் பேருந்தில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1953-இல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழு யூனிஃபார்ம் பதிவேடுகளைப் புரட்டியது. டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு பெரிது. இளம் வயது டிரைவர்களுக்கும் அப்படியே! அதாவது, சற்றுப் பருமனானவர்கள் தொடக்கத்திலேயே டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாம். வேலை உடம்பை மாற்றுவதுபோல, உடம்பும் வேலையைத் தேர்ந்தெடுக்கிறது. மூட்டு வலியால் நிற்கிற வேலையை விட்டவர், பருமனைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டவர், நோயால் இளைத்து வேலையை இழந்தவர் எல்லாரும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறார்கள். 'வேலையில் இருப்பவர்கள் ஒல்லி, இல்லாதவர்கள் குண்டு' என்கிற மாதிரித் தலைப்புகளைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

மன அழுத்தம் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில், வேலை நெருக்கடியில் இருந்த ஒல்லியான ஆண்கள் மேலும் இளைத்தார்கள், பருமனானவர்கள் மேலும் பருத்தார்கள். இரவுப் பணி தனிக் கதை. உடம்பின் கடிகாரம் தூங்கச் சொல்லும் நேரத்தில் சாப்பிடுகிறோம், பகலில் அரைகுறையாகத் தூங்குகிறோம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். இரவுப் பணியில் இருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முழுச் சாப்பாட்டை டியூட்டிக்குப் போகும் முன் முடித்துவிடுங்கள், நடு இரவில் லேசாக ஏதாவது சாப்பிட்டால் போதும், பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்குங்கள்.

இனி ஓய்வு. நாற்காலி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பலர் நடக்க ஆரம்பிக்கிறார்கள், கொஞ்சம் இளைக்கவும் செய்கிறார்கள். உடல் உழைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்குத்தான் எடை ஏறுகிறது. ஐம்பது வயது கடந்த அமெரிக்கர்களை நெடுங்காலம் பின்தொடரும் ஆய்வின் தரவுகளும் இதையே காட்டின: சராசரியாகக் கூடிய எடை சிறிதுதான்; உழைப்பு வேலையை விட்டவர்கள், ஏற்கெனவே எடை அதிகமாக இருந்தவர்கள், வசதி குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது கூடுதல். 'வாழ்நாள் முழுக்க உழைச்சாச்சு, இனி எதுக்கு வாக்கிங்' என்று கேட்பவர்களும் இவர்கள்தான். அவர்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் விடுவதில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது மறுபக்கத்தைப் பற்றி. வேலை போன பிறகோ ஓய்வுக்குப் பிறகோ இளைத்துவிட்டவரைப் பார்த்து அக்கம்பக்கம் "நல்லா ஸ்லிம் ஆயிட்டீங்களே" என்று பாராட்டுகிறது. முயற்சி செய்யாமலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால் பரிசோதனை அவசியம். 60 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய், புற்றுநோய், பல் பிரச்சினை எல்லாவற்றையும் தேடுவோம். எதுவும் இல்லாதபோது, மனச்சோர்வு காரணமாக இருக்கலாம். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் போனதால் மதியச் சாப்பாட்டையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எடை அப்படியே இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் மெஷின் அதைக் காட்டாது. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 15 வினாடிக்கு மேல் ஆனால் கால் தசை பலவீனமாகிறது என்று பொருள். நடைப்பயிற்சி மட்டும் இதற்குப் போதாது. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். சிறுநீரக நோய் இல்லாத முதியவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமும் தினமும் வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று. இன்சுலின், க்ளிமெபிரைடு போன்ற மருந்துகளின் அளவு நீங்கள் செய்யும் உழைப்பையும் பார்த்துத்தான் முடிவாகிறது. ஓடியாடிய வேலையிலிருந்து நாற்காலிக்கு மாறினால் சர்க்கரை ஏறும். இரவு ஷிஃப்ட்டுக்கு மாறி, பழைய நேரத்துக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் லோ சுகர் வரும். வேலை மாறும் தேதியோ ஓய்வு தேதியோ தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவு, சாப்பாட்டு நேரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.