டபுள் மீனிங்: சிலேடையா, உள்ளுறையா?

ஒரு பாட்டைப் பற்றி 'அதுல டபுள் மீனிங் இருக்கு' என்று யாராவது சொன்னால் கேட்பவர் உடனே முகம் சுளிப்பார், இல்லை சிரிப்பார். ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்கு 'இரண்டு பொருள்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. தமிழுக்கு வந்த பிறகு விரசத்துக்கு மட்டுமே உரிய பெயராக அது சுருங்கிவிட்டது. பத்திரிகைகளில் வரும் 'இரட்டை அர்த்த வசனம்' அதையே பெயர்த்தது என்பதால் அதற்கும் அதே கறை. விரசமாகப் பேசுவதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் 'டபுள் ஆன்டான்டர்'. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து எடுத்தது. இன்றைய பிரெஞ்சுக்காரர்களோ அப்படிச் சொல்வதில்லை, 'தூப்ள் சான்ஸ்' என்பார்கள்.

நம்மிடம் இதற்குப் பழைய, துல்லியமான சொற்கள் இருக்கின்றன. ஒன்று சிலேடை. 'சிலேஷ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, ஒட்டிக்கொள்ளுதல், தழுவுதல் என்று பொருள். ஒரே சொல்லில் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் இந்தப் பெயர். தூய தமிழில் வேண்டுமென்றால் இரட்டுற மொழிதல். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் இதுவும் ஒன்று. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது: சொல் அப்படியே நின்று இரு பொருள் தந்தால் செம்மொழி, சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் இன்னொரு பொருள் வரும் என்றால் பிரிமொழி.

இலக்கணம் என்றதும் பயப்பட வேண்டாம், நமக்கு மனப்பாடமான சினிமாப் பாட்டிலேயே இரண்டும் இருக்கின்றன. 1962இல் வந்த 'பலே பாண்டியா' படத்தில் கண்ணதாசன் எழுதிய 'அத்திக்காய் காய் காய்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகக் கேட்டால் காய்களின் பெயரை அடுக்கிக்கொண்டே போவது போலத்தான் இருக்கும். ஆனால் 'காய்' என்பது மரத்தில் தொங்கும் காயும்தான், நிலவைப் பார்த்து 'நீ காய்' என்று ஏவும் வினையும்தான். சொல்லை எங்கும் உடைக்கவில்லை, ஆகவே செம்மொழி. 'அத்திக்காய்' அப்படியல்ல. அத்தி மரத்துக் காய் என்று ஒரு பொருள், 'அத் திக்காய்', அதாவது அந்தத் திசையாகப் போய்க் காய் என்று இன்னொன்று. அடுத்து வரும் 'இத்திக்காய் காயாதே' என்பதில் இத்தி மரமும் இருக்கிறது, இந்தத் திசையில் காயாதே என்ற கெஞ்சலும் இருக்கிறது. காதலன் இருக்கும் பக்கம் போய்க் காய், என்னைச் சுடாதே, நீயும் என்னைப் போல் பெண்தானே என்று காதலி நிலவிடம் கேட்கிறாள். இவ்வளவையும் காய்க் கணக்குக்குள் மறைத்துவிட்டார் கவிஞர். இதையும் 'டபுள் மீனிங்' என்ற பெயரிலேயே அழைப்பது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இசைக்குழுப் பெயர்களிலும் இந்த வேலை உண்டு. பிரிட்டிஷ் ராக் குழுவான 'பீட்டில்ஸ்' பெயர் காதில் விழும்போது வண்டுகள். எழுத்தில் பார்த்தால் ஓர் எழுத்து மாறித் தாளத்தைக் குறிக்கும் 'பீட்' உள்ளே உட்கார்ந்திருக்கும். அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் குழுவுக்குச் சிள்வண்டுகள் என்று பொருள்படும் 'கிரிக்கெட்ஸ்' என்ற பெயர் இருந்தது, அதைப் பார்த்துத்தான் இவர்களும் பூச்சிப் பெயருக்குப் போனார்கள். இன்னொரு பிரிட்டிஷ் குழுவான 'லெட் செப்பலின்' நேர்மாறு. 'லெட்' என்பது ஈயம். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளை 'லீட்' என்றும் படிக்கலாம், அப்போது பொருள் வேறு. யாரும் அப்படிப் படித்துவிடக் கூடாது என்றே ஓர் எழுத்தை எடுத்துவிட்டார்கள்.

சரி, எந்தச் சொல்லுக்கும் இரு பொருள் இல்லாமல் மொத்தப் பாட்டும் வேறொன்றைச் சொன்னால்? அது சிலேடை ஆகாது. அதற்குத் தொல்காப்பியத்திலேயே உள்ளுறை என்ற சொல் இருக்கிறது. பறவை, விலங்கு, மரம் என்று வெளியே சொல்லி உள்ளே மனிதரைச் சொல்வது. 1968இல் வந்த பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' பாட்டில் வெளியே தெரிவது சிறகு முறிந்த ஒரு கரும்பறவை. அமெரிக்காவில் சம உரிமைக்குப் போராடிய கறுப்பினப் பெண்ணை நினைத்து எழுதியது என்று பின்னாளில் அதை எழுதிய பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னியே சொன்னார். பிரிட்டனில் பெண்ணைப் பேச்சுவழக்கில் 'பேர்ட்' என்பதும் உண்டு, ஆக உள்ளுறைக்குள் கொஞ்சம் சிலேடையும் கலந்திருக்கிறது.

கேட்பவர் தாமாகக் கண்டுபிடிக்கும் பொருள் இந்த இரண்டிலும் சேராது. பீட்டில்ஸின் 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாட்டின் தலைப்பில், லூசி, ஸ்கை, டயமண்ட்ஸ் என்ற சொற்களின் முதலெழுத்துகளாக, எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் பெயர் ஒளிந்திருக்கிறது என்று 1967இலிருந்தே பேச்சு. மகன் ஜூலியன், கூடப் படித்த லூசியை வரைந்துகொண்டு வந்த படம்தான் காரணம் என்று அதே குழுவின் ஜான் லெனன் மறுத்தார். இதைப் பொருள் ஏற்றுதல் என்று சொன்னால் போதும். விரசமாக இருப்பதை விரசச் சிலேடை என்றே எழுதிவிடலாம், அப்புறம் மற்ற சிலேடைகளுக்கு அந்தக் கெட்ட பெயர் வராது.