தன் கத்தியைத் தானே தீட்டும் வைரஸ்

“வைரஸுக்கு மருந்தே இல்லை என்கிறார்கள். அக்கி வந்த என் அம்மாவுக்கு மட்டும் தினமும் ஐந்து வேளை மாத்திரை எழுதித் தந்தார்களே, அது எப்படி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது பெரும்பாலும் அசைக்ளோவிராக இருக்கும்.

பாக்டீரியாவுக்குத் தனிச் சுவர் உண்டு; பென்சிலின் அதைக் குலைக்கிறது. வைரஸோ நம் செல்லுக்குள் புகுந்து நம் தளவாடங்களை வைத்தே பெருகுகிறது. அதை அடித்தால் நமக்கும் அடி விழும்.

அசைக்ளோவிர் இந்தச் சிக்கலை அவிழ்க்கும் விதம் எனக்கு அலுப்பதே இல்லை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான ‘ஜி’யின் போலி அது. பாஸ்பேட் என்ற வேதித் துணுக்குகள் மூன்று ஒட்டிய பிறகுதான் எந்த எழுத்தும் டி.என்.ஏ. சங்கிலியில் சேர முடியும். போலிக்கு முதல் பாஸ்பேட்டை ஒட்ட நம் நொதிகள் அநேகமாக மறுத்துவிடுகின்றன. அக்கி வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதி ஒட்டிவிடுகிறது! அதன் வழக்கமான வேலை ‘டி’ எழுத்தைத் தயாரிப்பது. ‘ஜி’யின் போலியை ஏன் தொடுகிறது என்று ஆய்வாளர்களே வியந்தார்கள். மீதி இரண்டையும் நம் செல்லே ஒட்டிக்கொடுக்கும். தயாரான போலி வைரஸின் சங்கிலியில் ஏறும். அடுத்த எழுத்தைப் பிடிக்கும் கொக்கி அதில் கிடையாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். வைரஸ் இல்லாத செல்லில் இந்த மாத்திரை ஏறக்குறைய சும்மா கிடக்கிறது.

இந்தச் செயல்முறையை 1970களில் அவிழ்த்தது அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனின் குழு. மூலக்கூறைக் கொண்டுவந்தவர் அவருடைய சக ஆய்வாளர் ஹோவர்ட் ஷேஃபர். 1937இல் வேதியியல் பட்டம் பெற்ற எலியனுக்கு, பெண் என்பதால் ஆய்வக வேலை எளிதில் கிடைக்கவில்லை. பள்ளியிலும் பாடம் நடத்தினார். 1944இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். படித்துப் பெற்ற முனைவர் பட்டம் இல்லாமலேயே 1988இல் நோபல் பரிசு பெற்றார். டி.என்.ஏ. எழுத்துகளின் போலிகளையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடைந்தவர் அவர். மூன்றாம் ஆண்டிலேயே ‘பயன் என்ன?’ என்று படிவம் நீட்டுகிற நிதிக் குழுக்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நம் ஊர்களில் அக்கி வந்தால் செங்காவியைக் குழைத்து ‘அக்கி எழுதும்’ வழக்கம் இன்னும் இருக்கிறது. கொப்புளம் சில வாரங்களில் தானாகவே ஆறும். பெயரைக் காவி தட்டிச்செல்கிறது. எழுதுகிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. வரிசையில் நின்று நாளைக் கழிப்பதுதான் கவலை: மாத்திரையை மூன்று நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது.

ஆனாலும் இந்த மாத்திரையால் வைரஸை வேரோடு களைய முடியாது. சிறு வயதில் சின்னம்மையாக வந்த அதே வைரஸ், நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கி, பிறகு அக்கியாக எழுகிறது. உறங்கும் வைரஸ் அந்தத் தைமிடின் கைனேஸ் நொதியைத் தயாரிப்பதில்லை. கத்தி தீட்டப்படாமலே கிடக்கும்.