ஃபுளோரிடா அரசுத் துறைகளில் லாபி செய்ய: பதிவு முதல் காலாண்டு அறிக்கை வரை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக அரசுத் துறையின் கொள்கை முடிவையோ கொள்முதலையோ மாற்றப் பேசுபவர் லாபியிஸ்ட். அதிகாரியின் நல்லெண்ணத்தைப் பெறும் முயற்சியும் இதில் அடங்கும். மாநிலச் சட்டத்தின் 112.3215 பிரிவுப்படி இவர் முதல் பேச்சுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பேசிவிட்டு அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்பது நடக்காது. பதிவில்லாதவர் என்று தெரிந்தே லாபி செய்ய விடுவது அதிகாரிக்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதனால் சந்திக்க நேரம் கேட்டதுமே துறை அலுவலகம் பதிவைப் பற்றி விசாரித்தால், அது அவர்கள் கடமை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நீதிமன்றத்திலோ முறையான நிர்வாக விசாரணையிலோ கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞர், தன் வழக்கமான பணியாகப் பேசும் அரசு ஊழியர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. மாநிலக் கொள்முதல் சட்டத்தில் ‘முதல் வகை’ எனப்படும் தொகை வரம்பான 20,000 டாலருக்குக் குறைந்த கொள்முதல் ஒப்பந்தத்துக்காகப் பேசுபவருக்கும் அப்படியே. நிறுவனத்தின் சொந்த ஊழியர் என்றால், அரசு விவகாரங்களைக் கவனிப்பது அவருடைய முக்கியப் பொறுப்புகளில் ஒன்றா என்று பார்க்க வேண்டும்; ஆம் என்றால் அவரும் பதிய வேண்டும்.

பதிவை மாநில நெறிமுறை ஆணையம் நடத்துகிறது. சட்டமன்ற உறுப்பினர்களிடமும் பேசப் போகிறீர்கள் என்றால் அதற்குத் தனிப் பதிவு. ஒன்று மற்றொன்றுக்குச் செல்லாது. படிவத்தில் உங்கள் பெயர், அலுவலக முகவரி, கட்சிக்காரரின் (நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவரின்) பெயர், முகவரி எல்லாம் சத்தியப்பிரமாணமாகத் தர வேண்டும். நீங்கள் அணுகும் துறையின் அதிகாரி அல்லது ஊழியர் யாருடனாவது தொழில் கூட்டோ பணத் தொடர்போ இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். கூடவே, ‘இவர் எங்கள் சார்பில் பேசலாம்’ என்று கட்சிக்காரர் கையொப்பமிட்ட ஒப்புதல் வேண்டும். அவருடைய முதன்மைத் தொழில் எந்த வகை என்பதும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தாமதம் இந்தக் கையொப்பத்தால்தான் வருகிறது. ஒப்பந்தம் போடும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.

பதிவு ஆளுக்கு ஒன்றல்ல, கட்சிக்காரருக்கு ஒன்று. மூன்று நிறுவனங்களுக்காகப் பேசினால் மூன்று பதிவு, மூன்று கட்டணம். ஒரு கட்சிக்காரருக்கு ஆண்டுக் கட்டணம் 40 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. அக்டோபரில் பதிந்தாலும் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். புத்தாண்டில் பேசப் புதுப்பிக்க வேண்டும். இடையில் வேலை முடிந்துபோனால் உடனே எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள்.

ஆனால் பலர் சறுக்கும் இடம் பதிவல்ல, அதற்குப் பின் வரும் காலாண்டு ஊதிய அறிக்கை. கட்டணத்துக்கு லாபி செய்யும் நிறுவனங்கள், ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துபவர் உட்பட, இதைத் தர வேண்டும். காலாண்டு முடிந்து 45 நாள் கெடு: மே 15, ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14. மொத்த ஊதியத்தையும் கட்சிக்காரர்வாரி ஊதியத்தையும் தொகை வரம்புகளாக, அதாவது ‘இத்தனை டாலர் முதல் இத்தனை டாலர் வரை’ என்று காட்டலாம். முதல் வரம்பே ‘0 டாலர்’தான். அதாவது ஒரு பைசா வராத காலாண்டிலும் அறிக்கை உண்டு. “வரவில்லையே, எதற்கு அனுப்ப வேண்டும்?” என்று விட்டால் நாளுக்கு 50 டாலர் வீதம், ஓர் அறிக்கைக்கு 5,000 டாலர் வரை அபராதம் ஏறும். முதல் முறை தவறினால் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் நிலுவை அறிக்கைகள் அனைத்தையும் தந்திருக்க வேண்டும். ரசீது, பில், கணக்கு எல்லாவற்றையும் 4 ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.

செலவு விஷயத்தில் விதி மிகக் கறார். சொத்து விவரம் தாக்கல் செய்ய வேண்டிய அதிகாரிக்கு, லாபி நோக்கில் லாபியிஸ்டோ கட்சிக்காரரோ ஒரு காபிக்குக்கூடப் பணம் தரக் கூடாது, அவரும் வாங்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுடன் கூட்டம் என்றால் அதிகாரி தன் பங்கைத் தானே கட்டட்டும்.

பதவியிலிருந்து விலகியவர்களை வேலைக்குச் சேர்க்கும் நிறுவனங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2018 இல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தப்படி, 2022 டிசம்பர் 31 முதல், துறைத் தலைவர் போன்ற உயர் பதவிகளை விட்டவர் தம் பழைய துறையிடம் 6 ஆண்டுகள் ஊதியத்துக்கு லாபி செய்ய முடியாது. அவர் பதவியை விட்ட தேதியைக் கேட்டு வாங்கிய பிறகே பதிவுப் படிவத்தைத் தொடுங்கள்.