பேங்குக்கே தெரியாத பாஸ்வேர்டு

திருத்துறைப்பூண்டியில் இ-சேவை மையம் நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு நடக்கும் நாட்கள். அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே வாசலில் வரிசை நிற்கிறது. வருகிறவர்களில் பலர் ஏதோ ஒரு பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருகிறார்கள். ஒரு பெரியவர், "பழசையே எடுத்துக் குடும்மா, புதுசு வச்சா அதையும் மறந்துடுவேன்" என்றிருக்கிறார். "பழசு அவங்ககிட்டயே இருக்காது பெரியப்பா" என்று இவர் சொல்ல, பெரியவர் கேட்டாராம்: "என் பாஸ்வேர்டு பேங்குக்கே தெரியாதுங்கிற. அப்புறம் நான் சரியா அடிச்சேனா தப்பா அடிச்சேனான்னு மட்டும் அதுக்கு எப்படிம்மா தெரியுது?"

வாசகியிடம் பதில் இல்லை. என்னிடம் கேட்டிருக்கிறார். கணிப்பொறிப் பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு கூர்மையான கேள்வியை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. இந்தத் துறையின் மிக அழகான யோசனை அந்தப் பெரியவரின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், ஏன் தெரியக்கூடாது? எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால் வேலை முடிந்ததே? தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெரிய கணிப்பொறி இருந்தது. பாஸ்வேர்டு வழக்கமே அங்கிருந்துதான் பரவியது. ஒருநாள் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பு வருவதற்குப் பதிலாக, எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து நின்றது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனம் 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளை அப்படியே எழுத்தெழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. ஒருவன் உள்ளே புகுந்து மொத்தத்தையும் அள்ளிப் போனான். பட்டியல் என்று ஒன்று இருந்தால் என்றாவது அது வெளியே வரும்.

சரி, பட்டியலே இல்லாமல் எப்படி? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பள்ளிக்கூட வகுத்தல் போதும்.

பெரியவரின் பாஸ்வேர்டு 37 என்று வைத்துக்கொள்வோம். 37-ஐ 37-ஆல் பெருக்கினால் 1369. அதை 101-ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 56. பேங்க் அந்த 56-ஐ மட்டும் எழுதி வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. மறுநாள் பெரியவர் வந்து 37 என்று அடிக்கிறார். அதே கணக்கு, அதே 56. கதவு திறக்கிறது. கை தவறி 38 அடித்தால் 1444, மீதி 30. கதவு திறக்காது. 37 என்ற எண் பேங்கின் பெட்டியில் எங்குமே இல்லை. இருந்தும் சரியையும் தப்பையும் அதனால் பிரித்துச் சொல்ல முடிகிறது. பெரியவரின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இப்போது திருடன் பக்கமிருந்து பாருங்கள். பெட்டியை உடைத்தால் அவனுக்குக் கிடைப்பது 56. அந்த 56-ஐ வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க முடியுமா? ஈவு 13 என்பதை நாம் தூக்கி எறிந்துவிட்டோம். கலிங்கு வழியே வழிந்துபோன தண்ணீரைத் திரும்ப ஏரிக்குள் சேர்க்க முடியாது. ஏரியில் மிச்சம் நிற்கும் அளவை வைத்து மொத்தம் எவ்வளவு வந்தது என்றும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 37, 38, 39 என்று அடுத்தடுத்த எண்களுக்கு மீதி 56, 30, 6 என்று வருகிறது. பக்கத்து வீட்டு எண்களின் மீதிகள் பக்கத்தில் இல்லை. "ஏறத்தாழச் சரி" என்ற தடயமே திருடனுக்குக் கிடைக்காது.

இது விளையாட்டுக் கணக்கு என்பதால் ஓட்டைகளும் உண்டு. 64-ஐப் போட்டுப் பாருங்கள், அதற்கும் மீதி 56தான். 138-க்கும் அதேதான். அதாவது தப்பான சாவியும் திறந்துவிடும். உண்மையில் பயன்படும் கணக்குகளுக்கு ஹாஷ் என்று பெயர். அவற்றில் பிரபலமானது எஸ்ஹெச்ஏ-256. நீங்கள் ஒரு எழுத்தைக் கொடுத்தாலும், ஒரு பெரிய நூலையே கொடுத்தாலும், அதை 64 சுற்றுகள் புரட்டி, சுழற்றி, கூட்டி, கடைசியில் பூஜ்யங்களும் ஒன்றுகளுமாக, ஒரே நீளமுள்ள விடை ஒன்றைத் தரும். வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒரே விடையைத் தரும் இரண்டு வெவ்வேறு சொற்களை இந்தக் கணக்கில் இதுவரை யாரும் காட்டியதில்லை. சொல்லில் ஒரு எழுத்தை மாற்றினால், விடையில் உள்ள பூஜ்யம் ஒன்றுகளில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். இதை முதல்முறை கணிப்பொறியில் போட்டுப் பார்த்த அன்று, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். மன்னார்குடிக்கு ஒன்று, ஒரு எழுத்தை விட்டுவிட்டு அடித்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்று. அந்த வியப்பு இன்றுவரை குறையவில்லை.

ஆனால் திருடனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பின்னோக்கி நடக்க முடியாவிட்டால் முன்னோக்கி நடக்கலாமே? ஒவ்வொரு சொல்லாகப் போட்டு, ஹாஷ் எடுத்து, ஒரு பெரிய அட்டவணையை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்வான். பட்டியல் கையில் கிடைத்த அன்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அதோடு, ஒரே பாஸ்வேர்டை ஆயிரம் பேர் வைத்திருந்தால் ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ். ஒன்றை உடைத்தால் ஆயிரமும் உடைந்துவிடும்.

இதற்கு மருந்து உப்பு. உவமைக்காகச் சொல்லவில்லை, இந்தத் துறையில் அதன் பெயரே சால்ட்தான். 1979இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் தாங்கள் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் இதைச் செய்த விதத்தை விளக்கி எழுதினார்கள். ஒவ்வொருவருடைய கணக்குக்கும் கணிப்பொறி தற்செயலாக ஒரு எண்ணை எடுத்து, பாஸ்வேர்டோடு சேர்த்து, அதன்பிறகுதான் ஹாஷ் எடுக்கும். நம் விளையாட்டுக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். பெரியவருக்கும் அவர் பக்கத்து வயல்காரருக்கும் பாஸ்வேர்டு 37தான். பெரியவருக்கு விழுந்த உப்பு 5. முன்னால் சேர்த்தால் 537. அதை அதனாலேயே பெருக்கி 101-ஆல் வகுத்தால் மீதி 14. பக்கத்து வயல்காரருக்கு உப்பு 8. 837-க்கு மீதி 33. ஒரே சொல், இரண்டு வெவ்வேறு விடைகள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. உப்பு ரகசியமே இல்லை. ஹாஷுக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதி வைக்கிறார்கள். திருடன் அதையும் பார்க்கலாம். பார்த்தும் பயனில்லை, ஏனென்றால் அவன் முன்கூட்டியே போட்டு வைத்த அட்டவணை செல்லாக்காசாகிவிடுகிறது. இந்த உப்புக்கு ஒரு அட்டவணை, அந்த உப்புக்கு இன்னொரு அட்டவணை என்று ஆளாளுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டும். மோரிஸும் தாம்ஸனும் வைத்தது 4096 வகை உப்பு. இன்று கணக்குக்குக் கணக்கு புது உப்பு. உப்பில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லிங்க்ட்இன் சாட்சி. 2012இல் அங்கிருந்து உப்பில்லாத ஹாஷ்கள் 65 லட்சம் வெளியே வந்தன. மிக விரைவிலேயே பெரும்பகுதியை உடைத்துவிட்டார்கள்.

வேதாரண்யத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதும் ஒரு வாசகிக்கு உப்பின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்தே கிளம்பியவர்கள், அகஸ்தியம்பள்ளியில் கை நிறைய உப்பெடுத்தது இந்த மண்ணில்தான். அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இப்போது வேகத்துக்கு வருவோம். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு எஸ்ஹெச்ஏ-256 கணக்கை நொடிக்கு ஆயிரம் கோடி தடவைக்கு மேல் போட்டுப் பார்க்கும். உப்பு இருந்தாலும், ஒரே ஒரு ஆளைக் குறிவைத்தால் இந்த வேகம் போதும். உங்கள் செல்போன் எண்தான் பாஸ்வேர்டா? 6, 7, 8, 9 இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடிதான். அரை நொடி ஆகாது. பிறந்த தேதியா? நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 36,500 சொச்சம். ஆங்கிலச் சின்ன எழுத்துகள் எட்டு என்றால் 20,882 கோடி, சுமார் 21 நொடி. அதையே பன்னிரண்டு எழுத்தாக்கினால் 110 நாள். பதினான்கு எழுத்து என்றால் 200 ஆண்டு. வினோதக் குறிகளை அங்கங்கே செருகி நீங்களே மறந்துபோவதைவிட, சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக்குவது எவ்வளவோ நல்லது. ஆனால் அந்தச் சொற்களைத் திருடன் ஊகிக்க முடியக்கூடாது. திருடனின் இந்த வேகத்தைக் குறைக்கத்தான் பொறுப்பான நிறுவனங்கள் பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்யப்பட்ட ஹாஷ்களைப் பயன்படுத்துகின்றன. கால் நொடித் தாமதம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கில் முயற்சி செய்கிறவனுக்கு அது யுகக்கணக்கு.

இங்கே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எண் சோதிடம் பார்த்து ராசியான பாஸ்வேர்டு வைக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. கூட்டுத்தொகை 5 வரவேண்டும், கடைசியில் 108 வரவேண்டும், குலதெய்வத்தின் பெயர் முன்னால் நிற்கவேண்டும். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் கடவுள் பெயர், பிள்ளை பெயர், 108, 786, 123 எல்லாமே திருடன் முதலில் முயன்று பார்க்கும் வரிசையில் இருப்பவை. பாஸ்வேர்டுக்கு வேண்டிய ஒரே ராசி, யாராலும் ஊகிக்க முடியாமல் இருப்பது. போனில் பணம் போனால் செய்வினை என்று தகடு எடுக்கப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் பணத்தை மீட்டிருக்கலாம் என்பதுதான் எனக்கு வேதனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுத்து மீதியைப் பார்க்கும் கணிதத்தை நம் ஊர்க்காரர் ஒருவர் எங்கோ கொண்டுபோனார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரித்து எழுதும் வழிகளின் எண்ணிக்கையை 5-ஆல் வகுத்தால் எந்தெந்த எண்களுக்குக் கட்டாயம் மீதி வராது என்று கண்டுபிடித்தபோது, அதனால் யாருக்கும் ஒரு காசு வருமானம் இல்லை. அதற்கு வெகுமுன்பே, மற்ற பாடங்களில் தேறாததால் கல்லூரி உதவித்தொகையும் பறிபோயிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அவர் பெயரால் ராமானுஜன் கோட்டுருக்கள் என்று ஒரு வகை வலையமைப்பு வந்தது. 2006இல் அவற்றின் மேல் நடந்து நடந்து ஹாஷ் எடுக்கும் முறையை மூன்று கணிதர்கள் முன்வைத்தார்கள். அதில் ஒரு வகையை 2008இல் வேறு இருவர் உடைத்துக் காட்டினார்கள். கட்டுவதும் உடைத்துப் பார்ப்பதும் சேர்ந்துதான் இந்தத் துறை வளர்கிறது. "இதனால் என்ன பயன்?" என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டுத் தூய கணிதத்துக்கான நிதிக் கோப்பை மூடிவிடுகிறவர்கள், உங்கள் பேங்க் கணக்கு இன்று எதன் மேல் நிற்கிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். டெல்டாவின் அரசுக் கல்லூரிகளில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹாஷ், உப்பு எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு பறிபோகும் வழிகள் உண்டு. எங்கோ ஒரு அலட்சியமான இணையதளத்தில் நீங்கள் கொடுத்த அதே பாஸ்வேர்டுதான் மின்னஞ்சலுக்கும் என்றால், அங்கே கசிந்தது இங்கே கதவைத் திறக்கும். மறந்துவிட்டேன் என்று சொன்னதும் ஒரு தளம் உங்கள் பழைய பாஸ்வேர்டையே அனுப்பி வைத்தால், அது பட்டியல் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லை வேறு எங்கும் வைக்காதீர்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் தவணை என்ற பெயரில் ஏபிகே கோப்புகள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் பேங்க் அனுப்பும் ஓடிபி உங்களுக்கு முன்னால் திருடன் கைக்குப் போய்விடும். ஹாஷ் ஆவதற்கு முன்பே, விரல் நுனியிலேயே திருட்டு நடந்து முடிந்துவிடுகிறது.

அப்படிப் பணம் போய்விட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930. வேதாரண்யத்தின் உப்பு ஆண்டு. தற்செயல்தான், ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்கு மறக்கவே மறக்காது.

வாசகி தன் கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்களே என்று, அவர்கள் கேட்டுக்கொண்டதற்காகவே எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாராம். அம்மா, உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் அந்த நோட்டில் ஹாஷும் இல்லை, உப்பும் இல்லை. எம்ஐடியில் அன்று எல்லோர் கண்ணிலும் பட்டதே, அதே பட்டியல்தான் அது. பெரியவர் அடுத்த முறை வரும்போது, 37-ஐயும் 56-ஐயும் ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டுங்கள். நெல் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு உடனே பிடிபட்டுவிடும். பிறகு நோட்டில் அவருடைய பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பெட்டியில் பட்டாவோடு பத்திரமாக இருக்கட்டும்.