தொகுதி எல்லை மாறினால் கேஸ் போடலாம் என்று காத்திருக்காதீர்கள்

சட்டமன்றத் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைவதுதான் தொகுதி மறுவரையறை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் இப்போதுள்ள எல்லை, 2002 மறுவரையறைச் சட்டப்படி அமைந்த ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

எங்கள் ஊரைத் தூக்கி அடுத்த தொகுதியில் போட்டுவிட்டார்கள், கேஸ் போடுவோம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அரசமைப்புச் சட்டம் 329-வது பிரிவும் மறுவரையறைச் சட்டமும் சேர்ந்து அந்த வழியை ஏறக்குறைய மூடிவிட்டன. இறுதி உத்தரவு அரசிதழில் வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் பலம் உண்டு, எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. உஜ்ஜயினி தொகுதி வழக்கில் 1966-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. பர்தோலி என்ற குஜராத் தொகுதி வழக்கில் 2024 ஜூலையில் கொஞ்சம் கதவு திறந்தது உண்மைதான்: அப்பட்டமாகத் தன்னிச்சையான, அரசமைப்பின் விழுமியங்களுக்கே ஒவ்வாத உத்தரவென்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அந்த வழக்கிலேயே அந்தத் தொகுதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கி 2006-ல் ஆணையம் போட்ட உத்தரவு கலைக்கப்படவில்லை. 'எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போக ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கு' என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஆகவே உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு வரைவு வெளியாகும் நேரம்தான். ஆணையம் வரைவை அரசிதழில் போட்டு ஒரு கடைசித் தேதி சொல்லும், அதற்குள் வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்கும், பொது அமர்வும் நடத்தும். வரைவில் உங்கள் ஊர்ப் பெயர் இல்லையே, நமக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். தாலுகா, வருவாய் கிராமம் என்றுதான் எழுதியிருப்பார்கள், நீங்கள் இருக்கும் குக்கிராமத்தின் பெயர் அதில் வராது. உங்கள் வருவாய் கிராமம் எது என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொண்டு தேடுங்கள்.

எம்.எல்.ஏ. 'நான் பார்த்துக்கறேன்' என்றால் சரி என்று வந்துவிட வேண்டாம். எம்.பி.க்கள் ஐந்து பேரும் எம்.எல்.ஏ.க்கள் ஐந்து பேரும் ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள், பேசலாம், மாற்றுக் கருத்தைப் பதியலாம், ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால் ஆர்.டி.ஓ.விடம் போங்கள் என்பார்கள், அங்கே போனால் இது டெல்லி சமாசாரம் என்பார்கள், இப்படியே தேதி போய்விடும். அறிவிப்பில் சொன்ன முகவரிக்கே நேராக ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுவில் ஊர்ப் பெருமை வேண்டாம். சட்டம் பார்க்கச் சொல்வது நிலப்பரப்பு ஒட்டியிருக்கிறதா, நிர்வாக எல்லை உடைகிறதா, போக்குவரத்து, மக்களின் வசதி, இவைதான். உங்கள் கிராமத்தை இங்கே சேர்த்தால் இரண்டு தொகுதிகளின் மக்கள்தொகையும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாற்றுவழி சொல்லாத மனுவை யாரும் இரண்டாவது முறை படிக்கப்போவதில்லை.

உள்ளாட்சி வார்டு எல்லை வேறு கதை. அதைப் பார்ப்பது மாநில அளவிலான மறுவரையறை ஆணையம். ஒன்றுக்கான மனுவை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டு பதில் வரவில்லை என்று காத்திருப்பவர்கள் நிறைய.

எல்லை மாறினால் வாக்காளர் பட்டியலில் உங்கள் பகுதிக்கான பாகம் எண்ணும் வாக்குச்சாவடியும் மாறும், அந்தக் குழப்பத்தில் பெயரே விடுபட்டுப் போகலாம். கையில் வாக்காளர் அட்டை இருப்பது மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. விவரம் தப்பாக இருந்தால் படிவம் 8, பெயரே இல்லாவிட்டால் படிவம் 6. வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்துவிட்டால் பெயர் சேர்க்க முடியாது, அதிகாரிகள் அதற்குச் சில நாள் முன்பே புதிய மனுக்களை நிறுத்திவிடுவார்கள். நீக்கிவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, வாக்காளர் பதிவு அதிகாரியின் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவை எதிர்த்து மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு, அங்கேயும் தோற்றால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் 30 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. நாள் எண்ணத் தொடங்குவது உத்தரவுத் தேதியிலிருந்து, ஆகவே 'அடுத்த வாரம் வாங்க' என்றால் அன்றைக்கே நகல் கேட்டு மனு எழுதிக் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.