இரும்பு மாசு அல்ல, வேற்றுக்கலப்பு

“தாதுவில் உள்ள மாசுகள் லித்தியம் செறிவின் தரத்தைக் குறைத்து, சுரங்கத்தின் வருவாயைப் பாதிக்கின்றன.” இந்த வாக்கியமும் இதன் உடன்பிறப்புகளும் இப்போது எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகின்றன. இப்படி ஒன்றைப் படித்த நண்பர், “லித்தியம் சுரங்கத்தால் காற்றும் தண்ணீரும் கெடுகிறதாமே?” என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. மாசு என்று எழுதினால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

ஆங்கில மூலச்சொல் ‘இம்ப்யூரிட்டி’. லத்தீனில் ‘பூருஸ்’ என்றால் தூயது. முன்னால் ஓர் எதிர்மறை. அவ்வளவே. தமிழில் மாசு என்றால் அழுக்கு, கறை, தூசு, அப்புறம் குற்றம். இன்று காற்று மாசு, நீர் மாசு என்று சுற்றுச்சூழலுக்கே அதை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

மாசு என்ற சொல்லுக்காக வாதாடுகிறவர்கள் சிலப்பதிகாரத்தைக் காட்டுகிறார்கள். கோவலன் கண்ணகியை ‘மாசறு பொன்னே’ என்கிறான். பொன்னுக்கு ஆகும் சொல் தாதுவுக்கு ஏன் ஆகாது? நல்ல கேள்விதான். ஆனால் அங்கே அது பாராட்டு. மாசு என்பது இருக்கக் கூடாத ஒன்று, போனால் பொன் பொலியும். லித்தியத் தாதுவின் கதை வேறு. பாறையிலிருந்து எடுக்கும் லித்தியம் பெரும்பாலும் ஸ்போடுமீன் என்ற கனிமத்தில் இருக்கிறது. கலப்பே இல்லாத ஸ்போடுமீனில் லித்தியம் ஆக்சைடு 8 விழுக்காடு. சந்தை அளவுகோலாக வைத்திருக்கும் சரக்கில் 6 விழுக்காடு. அதாவது நல்ல சரக்கிலேயே ஏறக்குறைய கால் பங்கு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா போன்ற வேறு கனிமங்கள். அந்தக் கால் பங்கையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள். இதையா மாசு என்பது?

இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெடி வைக்கும்போது பக்கத்துக் கரும்பாறையும் உடைந்து கூடவே வருவது ஒரு வழி. அரைக்கும் ஆலையின் எஃகு தேய்ந்து சேர்வது இன்னொன்று. மூன்றாவது, ஸ்போடுமீன் படிகத்துக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்திலேயே இரும்பு உட்கார்ந்திருப்பது. முதல் இரண்டையும் காந்தம் வைத்துப் பெருமளவு பிரித்துவிடலாம். மூன்றாவது எந்தக் கழுவலுக்கும் போகாது. துடைத்தால் போவதுதான் தமிழில் மாசு. படிகத்தின் உறுப்பாகிவிட்டதை அப்படிச் சொல்லலாமா?

இன்னொன்று, வேண்டாதது எது என்பது வாங்குகிறவரைப் பொறுத்தது. இரும்பு கண்ணாடிக்கு நிறம் ஏற்றும். ஆகவே கண்ணாடி, பீங்கான் செய்பவர் கொஞ்சம் கூடினாலும் வேண்டாம் என்பார். பேட்டரிக்கான வேதிப்பொருள் செய்பவர் அதைவிட அதிகம் பொறுத்துக்கொள்வார். அவருடைய கவலை ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் கொண்டுவரும் சோடியமும் பொட்டாசியமும். 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுடும்போது சரக்கை இளக்கிக் கட்டிதட்ட வைப்பவை அவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்தில் 1888 முதல் வெட்டியது வெள்ளீயம், பிறகு டாண்டலம் என்ற உலோகம். லித்தியத்துக்காகத் தோண்டியது 1980களில்தான். யாரும் தேடாமல் கிடந்த கல் இன்று அங்கே முதல் சரக்கு.

‘கலப்படம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது மனிதன் வேண்டுமென்றே செய்வது. பாறை யாரையும் ஏமாற்றவில்லை. ‘அசுத்தம்’ பற்றிப் பேசவே வேண்டாம், அது தரை துடைக்கும் சொல். தாதுவோடு வரும் மண்ணுக்கும் கல்லுக்கும் பள்ளிப் பாடநூலிலேயே ‘தாதுக்கூளம்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. அதற்குள் அடங்காத இரும்பு போன்றவற்றையும் சேர்த்துச் சொல்ல நான் ‘வேற்றுக்கலப்பு’ என்கிறேன். வேறானது, கலந்திருக்கிறது. பழி எதுவும் சுமத்தவில்லை.

மாசைத் திருத்தினாலும் தொடக்கத்தில் காட்டிய அந்த வாக்கியம் தேறாது. ‘லித்தியம் செறிவு’ என்றால் என்ன பொருள்? ஆங்கிலத்தில் அது ‘கான்சென்ட்ரேட்’. செறிவு ஓர் அளவு. கரைசலின் செறிவு என்கிறோம். கப்பலில் ஏறுவது அளவா? ஏறுவது ஒரு தூள். தாதுவை அடர்ப்பித்தல் என்று பள்ளியில் படித்தோமே, அப்படி அடர்ப்பித்தது அடர்தாது. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து வைத்துவிட்டு, பொருள் சரியா என்று திரும்பிப் பார்க்காத வேலை இது. படிப்பவருக்குக் கணக்கே புரியாமல் போகிறது. கூளத்தை இன்னும் பிரித்து 6 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனால், கழிவோடு கொஞ்சம் லித்தியமும் போய்விடும். 5.5-இல் நிறுத்தினால் கிடைக்கும் அளவு கூடும், ஆனால் டன்னுக்கு விலை குறையும், கல்லுக்கும் கப்பல் கூலி கொடுக்க வேண்டும். சுரங்கக்காரரின் தலைவலி முழுக்க இந்த இழுபறியில்தான்.

அந்த வாக்கியத்தை நான் எழுதினால் இப்படி வரும்: “தாதுவில் வேற்றுக்கலப்பு கூடினால் லித்திய அடர்தாதுவின் தரம் குறையும், சுரங்கத்தின் செலவு ஏறும், விற்பனை விலை இறங்கும்.”